குளிர்ந்த நீரில்

முட்டைக்கறையை வெந்நீரில் துடைக்கக் கூடாது,
கண்ணாடியிலேயே வெந்துவிடும் என்றார்
குவோக் சுக்-ஹான்.
நான் இன்னும் படிவத்தின் முதல் கட்டத்தில்
தேதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆர்ப்ரோத் நூலகம். வியாழன், மூன்றேகால்.
கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி துறைமுகத்தை விழுங்கிவிட்டு
மீன் புகையும் வாசனையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.
நகலெடுக்கும் எந்திரத்துக்குப் பின்னால்
ஒரு மேசை, இரண்டு நாற்காலி.
காவல் நிலையப் படியேற மனமில்லாதவர்கள்
இங்கே வந்து சொல்லலாம்.
கேட்டு எழுத எனக்கு அரைநாள் பயிற்சி கொடுத்தார்கள்,
பிஸ்கட்டும்.

எந்தத் தேதி?
எதற்கு?
முட்டைக்கா, தபால் துவாரத்தில் செருகிய பட்டாசுக்கா,
போனில் ஆர்டர் சொல்வதுபோல் தொடங்கி
நாய் மாதிரி குரைத்துவிட்டு வைப்பார்களே, அதற்கா?

பதினோரு வருஷம்.
கடையடைத்த பிறகு வாளி, பஞ்சு, குளிர்ந்த நீர்.
தெரு கண் விழிக்கும்போது
ஒன்றுமே நடக்காத கண்ணாடி.
"ரொம்ப நன்றாகத் துடைத்துவிட்டேன்.
இரண்டு கடை தள்ளி மருந்துக்கடை நஸ்ரீன்,
அவளும் விடியுமுன் துடைப்பாளாம்.
போன வாரம் வாளியும் வாளியுமாக
எதிரெதிரே நின்றோம்."

என் கணினியில் அந்தத் தெருவுக்கு நேரே
சுழியம்.
சுழியத் தெருவுக்கு ரோந்து வராது, கேமரா வராது.
பள்ளியிலிருந்து ஒரு தொலைபேசி
அந்தப் பையன்கள் வீட்டுக்குப் போகாது.

பெயர் சொல்ல விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்றேன்.
வெறுப்புதான் என்று நிரூபிப்பது உங்கள் வேலையில்லை,
உங்களுக்கு அப்படிப் பட்டதா, அது போதும்.
தலையசைத்தார்,
சந்தையில் விலை படியாதவர்போல.

அடுத்த கட்டம்: சொன்ன சொற்கள், சொன்னபடியே.

வாயைத் திறந்தார். மூடினார்.
என் பேனாவை வாங்கி
ஆர்டர் எழுதும் கையெழுத்தில்
ஒரே ஒரு சொல்லை எழுதி
தாளை என் பக்கம் திருப்பினார்.
எழுத்துப்பிழை இல்லை.
தட்டச்சு செய்ய விரல் கூசியது.
கூசட்டும்.
"தகாத வார்த்தை" என்று நான் போட்டால்
அதுவும் ஒரு பஞ்சு, ஒரு வாளி.

பிறகு பையிலிருந்து ஒரு செருப்புப் பெட்டி.
உள்ளே சமையலறை பில்கள், ரப்பர் வளையம் போட்டு.
ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால்
ஒரு முட்டை.
முகத்தில் அச்சடித்த தேதி, நேரம்,
அந்நேரம் யாரோ வாங்கிய நூடுல்ஸ்.
"எதற்கென்று தெரியாமல்தான் வைத்தேன்."

நாற்பத்தொரு முட்டை.
அவர் நீட்ட நீட்ட நான் தட்டினேன்.
இருபத்தாறாவது:
வெள்ளி, இரவு ஒன்பது நாற்பது.
எலுமிச்சைக் கோழி, முட்டை சாதம்,
இறால் அப்பளம் இலவசம்.
பெயர், எல்ஸ்பெத்.

எனக்குப் பின்னால் கண்ணாடியில் தப்பென்ற சத்தம்.
மூன்று சிரிப்பு. ஒருவன் பச்சை ஜாக்கெட்.
சாப்பாடு வரும்வரை
என் போனில் ஏதோ மிக அவசரமாக இருந்தது.
மீதிச் சில்லறையை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்,
தாராளமாக.

மற்றச் சீட்டுகளைப் போலத்தான் அதையும் நீட்டினார்.
தெரிந்தா, தெரியாமலா,
நான் கேட்கவில்லை.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு: சாட்சிகள்.
பயிற்சியன்று நேரமாகிவிட்டதென்று
அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனார்கள்.
எல்ஸ்பெத் கேர்ட் என்று தட்டினேன்.
முகவரி. தொலைபேசி எண்.
ஜாக்கெட்டின் நிறம்.

குவோக் சுக்-ஹான் திரையைப் படித்தார்,
ஒருமுறை, மறுமுறை.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
நாலரைக்கு எண்ணெய் காய வைக்க வேண்டும்.

"இன்னும் பதினைந்து இருக்கிறது" என்று
அடுத்த சீட்டை எடுத்தார்.